அரைஞாணில் ஒரு விரல்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தொலைப்பது கஷ்டமான காரியம். காடு கிடையாது. எந்த வரப்பில் நிறுத்திவிட்டு வந்தாலும் நிமிர்ந்தால் ஒரு கோபுரம் தெரியும். இல்லாவிட்டால் பஸ் ஹாரன் கேட்கும். போதாததற்கு வழியில் போகிற யாராவது, "நீ இன்னார் மவன்தானே, இங்க என்ன பண்ற" என்று காதைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போவார்கள்.

இந்தச் சிக்கல் என் தாய்மாமாவுக்கும் வந்தது. அவர் திருச்சியில் வெல்டர். கம்பெனி அவரைப் பயிற்சிக்கென்று ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வரும்போது முழங்கால்வரை தொங்கும் ஒரு குளிர்க்கோட்டும் ஒரு கதையும் கொண்டுவந்தார். கோட்டை எங்கள் ஊர் வெயிலில் ஒருமுறை போட்டுக்காட்டி, வேர்த்துக் கொட்டி, மடித்து வைத்துவிட்டார். கதையை எனக்குச் சொன்னார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் நம்புகிற வயது. சொல்லாததையும் சேர்த்து நம்புகிற புத்தி.

ஊரில் பஞ்சம். ஒருவனுக்கு மூன்று பையன்கள். சோறு போட முடியவில்லை. கடைசிப் பையனைக் காட்டில் விட்டுவிடலாம் என்று அப்பன் முடிவு செய்கிறான். காட்டுக்கு எங்கே போவது? மாமா யோசித்து, பையனை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கொண்டுபோனார்.

"படகுல கூட்டிட்டுப் போயி எறக்கி விட்டுட்டான் மாப்ளே. பய கெட்டிக்காரன். வழி தெரியட்டும்னு போற வழியெல்லாம் பொரியத் தூவிக்கிட்டே போனான்."

"தண்ணியில எப்படி மாமா?"

"பொரி மெதக்கும்டா. ஆனா மீனு தின்னுடுச்சு."

அப்புறம் அந்தப் பையன் ஒரு வீட்டைப் பார்க்கிறான். அதிரசத்தில் சுவர், முறுக்கில் ஜன்னல் கம்பி. "ஜெர்மன்காரன் ரொட்டியிலதான் கட்டியிருக்கான். காய்ஞ்ச ரொட்டி. அதுக்காவ நம்ம ஆளு உள்ள போவானா, அதான் மாத்துனேன்." உள்ளே ஒரு கிழவி. கண் மங்கல். பையனை அடைத்துவைத்து நெய்ச்சோறு போடுகிறாள். கொழுத்துவிட்டானா என்று தினமும் விரலைத் தடவிப் பார்க்கிறாள். பையன் விரலுக்குப் பதிலாகக் கோழி எலும்பை நீட்டுகிறான். கடைசியில் கிழவிக்குப் பொறுமை போய்விடுகிறது. எலும்போ கறியோ, இன்றைக்குச் சமைத்துவிடுவது என்று அடுப்பை மூட்டுகிறாள்.

"நெல்லு அவிக்கிற அண்டா இருக்குல்ல, அந்த சைசு. 'எரியுதான்னு குனிஞ்சு பாருடா'ங்கிறா. பய சொல்றான், 'எனக்குத் தெரியலையே, நீங்களே காட்டுங்க.' கெழவி குனிஞ்சா. பின்னாலேருந்து ஒரே தள்ளு. அவ பொரிஞ்ச சத்தம் அதிராம்பட்டினம் வரைக்கும் கேட்டுச்சாம். பய அவ நகையெல்லாம் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டான்."

"அண்ணனுங்கள ஏன் விடல?"

"வேல செய்யிற வயசுப் புள்ளைங்கள எவனாச்சும் விடுவானா? கடசிப் புள்ளன்னா எளப்பம்."

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவப் போனார். மாமா அவரைப் பார்க்காமலேயே, "கதைதான் மச்சான்" என்றார். அம்மா மட்டும், "சாப்புடுற நேரத்துல என்னடா கத இது" என்று தம்பியை அதட்டினாள். அதட்டலில் சத்தமே இல்லை.

பின்னாளில் இந்தக் கதையைப் புத்தகத்தில் படித்தபோது, பிள்ளைகளை விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னதே வீட்டுக்காரிதான் என்று இருந்தது. மாமா தன் அக்காவைக் காப்பாற்றியிருக்கிறார்.

அது மேட்டூர் திறக்காத வருஷம். குறுவை போயே போய்விட்டது. எங்கள் வீட்டிலும் மூன்று பையன்கள். நான் கடைசி.

கதை கேட்ட அடுத்த வாரம் அப்பா என்னை அழைத்துக்கொண்டு மன்னார்குடியில் பஸ் ஏறினார். "கொஞ்ச நாள் அத்த வீட்ல இருடா. நல்லா சாப்புடலாம்." நல்லா சாப்பிடலாம் என்றதும் எனக்குக் கிழவி போட்ட நெய்ச்சோறு நினைவுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் பொரி கேட்டேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் தாண்டியதும் ஜன்னல் வழியாகத் தூவ ஆரம்பித்தேன். பின்சீட்டுக்காரர் மூக்கில் போனது. "யாரு புள்ளைங்க இது?" என்று கேட்டார். அப்பா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். வலங்கைமான் வரும்வரை அந்தக் கையை விடவில்லை. நான் தப்பித்துவிடாமல் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். ஆகிருதியான உடம்பு. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்தில், நெல்லை வாங்கி அவித்து அரிசியாக்கி விற்கிற தொழில். கொல்லையில் களம், களத்தின் ஓரத்தில் அடுப்பு, அடுப்பின் மேல் அண்டா. என்னை நிற்கவைத்தே அவிக்கலாம். துணைக்கு அண்ணன்களையும் கொள்ளும். கண்ணும் மங்கல். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று போடமாட்டார். பிள்ளை கிடையாது. மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், வாயே திறக்கமாட்டார். சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளும் ஊமை மாதிரி இருந்தால் மனுஷன் என்ன செய்வது?

அப்பா போனதும் நான் செய்த முதல் வேலை, கூடத்துச் சுவரை நக்கிப் பார்த்தது. சுண்ணாம்பு. கொஞ்சம் தைரியம் வந்தது. அலமாரியைத் திறந்தேன். டின் நிறைய அதிரசம், அடுத்த டின்னில் முறுக்கு. வந்த தைரியம் போய்விட்டது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. காலையில் இட்லி, மேலே நெய். பதினோரு மணிக்குப் பால். மத்தியானம் கெண்டை மீன், முள் எடுத்து. சாயங்காலம் அதிரசம். பயத்தில் சாப்பிட முடியவில்லை என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். சாகப்போகிறவன் முறுக்கை வேண்டாம் என்பானேன்? சாப்பிட்டு முடித்த பிறகுதான் பயப்படுவேன்.

ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டித் துவட்டும்போது, அத்தை என் இடுப்பு அரைஞாண் கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை விட்டுப் பார்ப்பார்.

"இன்னும் ஒரு வெரலு தாராளமா போவுதே. திங்கிறதெல்லாம் எங்கடா போவுது ராசா?"

வயிற்றை முதுகெலும்பு வரை எக்கிக்கொள்வேன். எக்கியபடி எத்தனை நாள் வாழ முடியும்? கோழி எலும்புபோல ஒன்று எனக்கும் தேவைப்பட்டது. தொழுவத்தில் கன்றுக்குட்டியின் கழுத்தில் திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் கயிறு இருந்தது. அதை அவிழ்த்து, என் அரைஞாணின் முடிச்சை நகத்தால் நெம்பிப் பிரித்து, ஒட்டுப்போட்டு முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். மறுநாள் அத்தையின் விரல் உள்ளே போய், அடுத்த விரலும் போனது.

"அடக் கடவுளே, எளச்சிட்டியேடா" என்றார். அன்றிலிருந்து பாலில் முட்டையும் சேர்ந்தது. என் தந்திரங்களெல்லாம் இப்படித்தான் முடியும், இன்றுவரை மாற்றமில்லை.

பிறகு ஒருநாள் வெற்றிலை மென்றுகொண்டு ஓர் ஆள் வந்தார். அத்தை என் சட்டையைத் தூக்கினார். அந்த ஆள் ஒரு நூலை எடுத்து, அரைஞாண் எவ்வளவு சுற்றளவோ அவ்வளவு அளந்து, முடிச்சுப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம கெடச்சுடும்ல?" என்று அத்தை கேட்டார். ஆட்டைக்கூட யாரும் நூல் பிடித்து அளந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ராத்திரி அதிரசம் இறங்கவில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் களத்தில் புகை. நெல் அவிகிற வாடை வீடு முழுக்க. அத்தை அடுப்பு வாய்க்கு முன்னால் குந்தி உமி தள்ளிக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"எழுந்திரிச்சிட்டியா? இங்க வா. உள்ள நல்லா எரியுதான்னு குனிஞ்சு பாரு. எனக்குப் பொகையில கண்ணு தெரியல."

கதையில் கிழவி சொன்னதை அப்படியே சொன்னார். வாய் தானாகச் சொன்னது: "எனக்குத் தெரியல அத்த. நீங்களே காட்டுங்க."

"அதுல என்னடா தெரியணும்" என்று அத்தை முன்னால் குனிந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு ஓடிப்போய் இரண்டு கையாலும், நெஞ்சாலும், தலையாலும் அவர் முதுகில் முட்டித் தள்ளினேன். முட்டை, நெய், கெண்டை மீன் எல்லாவற்றின் பலத்தையும் திரட்டித் தள்ளினேன். அத்தை ஒரு நூல்கூட அசையவில்லை. நெல் மூட்டை அடுக்கின் மேல் மோதியதுபோல இருந்தது. தள்ளிய வேகத்தில் என் கைகள் அவர் தோளுக்கு மேலே போய்விட்டன. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அத்தை என் கைகளைப் பிடித்தார். உமித் தூசி ஒட்டிய கையால் இரண்டையும் இழுத்துத் தன் கழுத்தைச் சுற்றிச் சேர்த்துவைத்துக்கொண்டார். திரும்பவில்லை. உமி தீர்ந்து நெருப்பு கறுத்துக்கொண்டு வந்தது. அப்படி நெருப்பை விடுகிற ஆள் இல்லை அவர்.

அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார். "அம்மாகிட்ட போவணுமா?"

தலையாட்டினேன். என் தாடை அவர் தோளில் இடித்தது.

"சரி" என்றார். பிறகு உமியை அள்ளினார்.

அத்தை சொல்லியனுப்பி மறுநாள் அப்பா வந்தார். வாசலிலேயே அத்தை சொன்னார்: "ஒன் புள்ள காலையில ஓடியாந்து என்னைப் பின்னாலேருந்து கட்டிக்கிட்டான்டா தம்பி. அம்மா நெனப்பு வந்துடுச்சு. கூட்டிட்டுப் போ."

"பேசுனது பேசுனதாவே இருக்கட்டும்க்கா. ரெண்டு நாள்ல சரியாயிடுவான்."

"வேணாம்டா. போயி ஒன் பொண்டாட்டிய மொதல்ல சாப்புடச் சொல்லு."

உள்ளே போய் ஒரு வெள்ளி அரைஞாண் கொடியை எடுத்துவந்து என் இடுப்பில் மாட்டினார். அந்த வெற்றிலை ஆசாரி கன்றுக்குட்டிக் கயிற்றையும் சேர்த்து எடுத்த அளவு அல்லவா, அது நேராக முழங்காலுக்கு இறங்கியது. அத்தை அதைத் தூக்கிப் பிடித்து என் கையில் கொடுத்தார். "பரவால்ல. வளந்துடுவ."

தைப் பொங்கல் கழிந்ததும் என்னை அத்தைக்குத் தத்துக் கொடுப்பதாக இருந்தது என்பதும், அந்த வெள்ளிக்கொடி அதற்காகச் செய்தது என்பதும், நான் கல்லூரிக்குப் போன வருஷம் தாய்மாமா சொல்லித்தான் தெரியும். கதையை யார் காதில் விழவேண்டும் என்று சொன்னாரோ, அவர் பாதிச் சோற்றில் எழுந்துபோய்விட்டார். மிச்சம் எனக்குக் கிடைத்தது.

அத்தை இன்றும் உறவுக்காரர்களிடம், "சின்னதுல என்னை ஓடியாந்து கட்டிக்கிட்ட புள்ள" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார். வாழ்நாள் முழுக்க மூட்டை தள்ளிய மனுஷி. தன் முதுகில் விழுந்தது எது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எட்டவில்லை. கிழவியின் நகையோடு வீடு திரும்புகிற வீரன் நான். வெள்ளிக்கொடி நழுவாமல் டவுசரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தையை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று நீடாமங்கலம் கேட் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் அப்பா ஏன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் புழுக்கம் என்று நினைத்தேன்.