அங்காளம்மாளின் பறி

அம்மா எப்போதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று டாக்டர் கேட்டார். ஒரு வருஷம் முன்பே யாராவது கவனித்திருந்தால் வயிற்றுக் கட்டியை வெட்டி எடுத்திருக்கலாமாம்.

அம்மா அங்காளம்மாள் பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடித்தவள். வலையும் இல்லை, படகும் இல்லை. குனிந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவ வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். வயிற்றில் சோறு இருந்தால் குனிந்ததும் மேலே வரும். வாயைத் திறந்தால் பறி நழுவிவிடும். அதனால் எங்கள் பெண்கள் வெறும் வயிற்றோடுதான் ஏரியில் இறங்குவார்கள். அதிக நேரம் பட்டினி தாங்குகிறவளுக்குத்தான் மதிப்பு.

1988 மாசியில், கரையேறிய பிறகும் அம்மா நான்கு வாய் சோற்றோடு தட்டைத் தள்ள ஆரம்பித்தாள். அடுத்த வீட்டு நாகம்மாள் கேலி செய்தாள்.

“இவளுக்கு வயிறு ஏதுடி? பறிதான் வயிறு. அது ரொம்பினா இவளுக்கு ஏப்பம் வரும்.”

“நீ மூணு வேள கொட்டிக்கிறே. உம்பறியில தண்ணிதான் கீது,” என்றாள் அம்மா.

நானும் சிரித்தேன். அப்போது நான் பொன்னேரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தவளையின் இரைப்பையை அறுத்துப் பாகங்களைக் குறித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

மறு வருஷம் ஐப்பசியில், ஏரியில் நின்றிருந்தபோதே அம்மாவின் வாயிலிருந்து பறி விழுந்தது. பின்னாலேயே ரத்தம். நாகம்மாள்தான் தூக்கிவந்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கட்டி கல்லீரல் வரை பரவியிருந்ததால் அப்படியே தைத்துவிட்டார்கள்.

விலங்கியல் படிக்கிறேன் என்றதும் அங்கிருந்த இளம் டாக்டர் விளக்கினார். இரைப்பையின் உட்சுவரில் இருக்கும் செல்கள் சில நாட்களில் செத்து உதிர வேண்டும். சாகச் சொல்லும் புரதங்களும் உண்டு, சாகவிடாமல் தடுக்கும் புரதங்களும் உண்டு. புற்றுநோயில் அவற்றின் அளவு மாறிப்போகிறதோ என்று வெளிநாட்டில் இப்போதுதான் தேடுகிறார்கள். “சாக வேண்டியது சாகாம பெருகுதும்மா. எதனாலன்னு இன்னும் முழுசா தெரியல.”

அதை அம்மாவிடம் சொன்னேன்.

“எனக்குள்ள ஒண்ணு சாவ மாட்டேன்னு குந்திகினு கீது. அதுக்கு பதிலா நான் சாவணுமா? இன்னா நியாயம் கண்ணு இது?” என்றாள். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, “கஞ்சி வேணாம். எடுத்துனு போ,” என்றாள்.

நாற்பது நாள் இருந்தாள். கடைசியில் ஒரு ஸ்பூன் தண்ணீரும் இறங்கவில்லை.

காரியத்தன்று அவள் பறியைச் சுவரில் சாய்த்து, அதன் முன் நாகம்மாள் இலை போட்டாள். இலை நிறையச் சோறு, இறால் குழம்பு. மேலும் ஒரு கரண்டி வைத்தாள்.

“துன்னுடி. இனிமே குனிய வேணாம்.”

மறுநாள் விடிகாலையில் நாகம்மாள் தன் பறியோடு ஏரிக்குப் புறப்பட்டாள். நான் சோற்றுத் தட்டோடு வழியில் நின்றேன்.

“ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ அத்தே.”

“துன்னுட்டுப் போனா எப்படிடி குனியறது?” என்று என்னை விலக்கிவிட்டு நடந்தாள். மற்ற பெண்களும் அவள் பின்னால் போனார்கள். ஒருத்தியும் சாப்பிட்டிருக்கவில்லை.