இன்று வர இயலாது

ஞாயிறு காலை ஏழு ஐம்பத்திரண்டு. ஜெராக்ஸ் கடை மாடி ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது செல்வியின் முதுகு. எதிரே எங்கள் சர்ச்சின் பக்கவாட்டு அறைக் கதவை அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கதவு பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

இது திட்டத்தில் இல்லை.

1. திட்டம்

ஒரு நாளிதழின் விழுப்புரம் டெஸ்கில் நான் பல வருஷம் சப் எடிட்டராக இருந்தேன். ஓய்வுபெற்று செஞ்சிக்குத் திரும்பியதும் சண்டே ஸ்கூல் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்பது வருஷம் ஒரு ஞாயிறுகூட லீவு போட்டதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். பிள்ளைகளுக்கு நான் எடிட்டர் தாத்தா.

பித்தப்பையில் கல் என்று பாண்டிச்சேரி டாக்டர் ஆபரேஷனுக்குக் குறித்துக் கொடுத்த நாள் ஒரு சனிக்கிழமை. மறுநாள் சிறுவர் ஞாயிறு. வருஷத்தில் அந்த ஒருநாள் மட்டும் ஆராதனை முழுவதையும் பிள்ளைகளே நடத்துவார்கள். பாட்டு, வேதபாடம், காணிக்கை எடுப்பது, பிரசங்கம்கூட அவர்கள்தான். நாற்பத்தொரு பிள்ளைகள் இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்து வந்தார்கள்.

போதகர் ஐயாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க இல்லாம எப்படிங்க நடக்கும்? இந்த வருஷம் உட்ருவோம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அவர், ரொம்பச் சுலபமாக.

என்னிடம் இருந்த டீம் இரண்டு பேர். செல்வி, காந்தி பஜார் பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். எபினேசர், எலெக்ட்ரிக் கடைக்காரர். இவர்களால் நடத்த முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன் என ஐயாவிடம் ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன். எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு இருவருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: "இன்று வர இயலாது." பிறகு போனை ஆஃப் செய்துவிட்டு என் நண்பர் ஜீவேந்திரனின் கடை மாடியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சமண வீட்டுக்காரர். எங்கள் சர்ச் அரசியலை வெளியிலிருந்து ரசிப்பவர்.

"கோட்டைக்கு எதிரிதான் ஒற்றன் அனுப்புவான். உன் கோட்டைக்கு நீயே ஒற்றனா?" என்று நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டார்.

2. ஜெபம்

ஏழு ஐம்பத்தெட்டுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வருகைப் பதிவேடு, பாட்டுப் புத்தகம், படச்சுருள், கலர் பென்சில் எல்லாம் பூட்டிய அறைக்குள். எபினேசர் கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் மட்டும் வெளியே இருந்தன. புங்க மரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். அதுவரை சரி. ஒரு பாட்டு பாடினால்கூட நான் பாஸ் மார்க் போட்டிருப்பேன்.

செல்வி எனக்குப் போன் போட்டாள். மறுபடி போட்டாள்.

மைக் ஆனில் இருப்பதை எபினேசர் கவனிக்கவில்லை. அதனால் தெரு முழுவதும் கேட்டது.

"போன் ஆஃப்லயா கீது? அப்போ ஐசியூதான் செல்வி. அங்கதான் போன வாங்கி வெச்சுக்குவாங்கோ."

"ஐயோ, இன்னாண்ணே சொல்றீங்க?"

"ஒம்போது வருஷமா லீவு போடாத மனுஷன். சும்மாவா வராம இருப்பாரு?"

டெஸ்கில் இருந்தபோது, ஏன் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத செய்தியை நான் பக்கத்தில் ஏற்றியதே இல்லை. காரணத்தை நாம் எழுதாவிட்டால் வாசகர் எழுதிக்கொள்வார். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்வேன். அன்று மூன்று வார்த்தையில் ஒரு செய்தி அனுப்பி, காரணத்தை எபினேசர் எழுதட்டும் என்று விட்டிருந்தேன்.

வேறு எந்த அலுவலகத்திலும் ஆள் வராவிட்டால் அவர் வேலையை யாராவது எடுத்துச் செய்வார்கள். எங்கள் ஆட்கள் முழங்கால் போட்டார்கள். நாற்பத்தொரு பிள்ளைகளும் மண்ணில் முழங்கால் போட்டதை மாடியிலிருந்து எண்ணினேன். மைக் கை மாறிக்கொண்டே போய் எட்டு வயது பிளெஸ்ஸியிடம் வந்தது.

"ஆண்டவரே, எடிட்டர் தாத்தாவுக்கு ஹார்ட்டுல ஓட்டைன்னு சொல்றாங்கோ. அதை அடைச்சுடுங்கோ. அவரு எங்களைத் திட்டுனதெல்லாம் மன்னிச்சுடுங்கோ."

ஜீவேந்திரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உனக்கு ஹார்ட்டு வேற இருக்குதா? சொல்லவே இல்லியே!"

3. ஊர்வலம்

எட்டு முப்பத்தைந்துக்கு எபினேசர் எழுந்து, "வாங்க, எல்லாரும் தாத்தா வூட்டுக்குப் போய் விசாரிச்சுட்டு வந்துடலாம்" என்றார். இரண்டு வரிசை. முன்னால் செல்வி, பின்னால் எபினேசர், அவர் தோளில் ஸ்பீக்கர். வழியில் ஒரு பழக்கடையில் நின்று சாத்துக்குடி வாங்கினார்கள். கோட்டை பார்க்க வந்த வேன் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. என்ன பண்டிகை என்று உள்ளே இருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டும். டிரைவர் கை விரித்ததைப் பார்த்தேன்.

கடையின் பின்வாசல் வழியாக இறங்கி, வண்டியைச் சந்துகளுக்குள் விட்டு, அவர்களுக்கு நாலு நிமிஷம் முன்னால் வீடு சேர்ந்தேன். என் மனைவி ரோஸ்லின் கொல்லையில் கோழிக்கறி கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கை ஓயாமலே பதில் வந்தது.

"போய்ப் படுத்துப் போர்த்திக்குங்க. வேற வழியில்ல."

"சண்டே ஸ்கூல் நடத்தறவன் பொய் சொல்றதா?"

"இதுவரைக்கும் இன்னா சொல்லிக்கினு இருந்தீங்களாம்?"

வாசலில் பாட்டு கேட்டது. நான் வெளியே போய் நின்றேன். பாட்டு வரிசையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒவ்வொரு குரலாக நின்றது.

"தாத்தா, நீங்க சாவலியா?" என்றாள் பிளெஸ்ஸி. அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக இன்றும் நினைக்கிறேன்.

செல்வியின் கண் சிவந்திருந்தது. வழியெல்லாம் அழுதிருக்கிறாள். இது ஒத்திகை என்று, மாடியிலிருந்து பார்த்ததையும் சேர்த்து விளக்கினேன். செல்வி கேட்டாள்:

"நாங்க இன்னா எலியாண்ணே, பொறி வெச்சுப் பாக்கறதுக்கு?"

"அப்படி இல்லம்மா..."

"ரூம் சாவி எங்க?"

சட்டைப்பையிலிருந்து எடுத்தேன்.

"சாவிய பாக்கெட்ல போட்டுக்கினு, உள்ள போறாங்களான்னு மாடி மேல குந்திக்கினு பாக்கறீங்க. நல்லா இருக்குதுண்ணே உங்க பரீட்சை."

இதற்குள் போதகர் ஐயா பைக்கில் வந்து சேர்ந்தார். கிராமச் சபையில் ஆராதனை முடித்துத் திரும்பியவர், காலி மரத்தடியைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாத்துக்குடிப் பையைப் பார்த்தார்.

"அப்ப சரி. சிறுவர் ஞாயிறு அடுத்த வருஷந்தான்" என்றார்.

"அடுத்த வருஷமா? ஏன் ஐயா?" என்றாள் செல்வி.

ஆபரேஷன் விஷயத்தை நான் சொல்ல வேண்டியதாயிற்று. எபினேசர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவும் ஒத்திகையாண்ணே?"

ரோஸ்லின் உள்ளே போய் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து நீட்டினாள். இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். டாக்டரின் சீல் இருக்கிறதா என்றுகூடத் தேடினார்கள். பிறகு செல்வி ஐயா பக்கம் திரும்பினாள்.

"அதே ஞாயித்துக்கிழமை நடத்துவோம் ஐயா. அண்ணன் இல்லாமலே." என்னிடம் கையை நீட்டினாள். "சாவி."

4. டம்மி

பத்திரிகையில் பக்கம் போடும் முன் டம்மி என்று ஒரு தாள் உண்டு. எந்தச் செய்தி எந்தக் கட்டத்தில் என்று பென்சிலால் வரைந்திருக்கும். ஆசிரியர் வராவிட்டாலும் டம்மி இருந்தால் பக்கம் போய்விடும். நான் இத்தனை வருஷம் சண்டே ஸ்கூலை டம்மி இல்லாமல் நடத்தியிருக்கிறேன் என்பது அன்று மாலை செல்வியின் கடையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

துணி வெட்டும் மேஜையில் தாளை விரித்தோம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் போட்டோம். ஆள் போதவில்லை. பிளெஸ்ஸியின் அம்மாவையும் இன்னும் இரண்டு தாய்மார்களையும் சேர்த்தோம். சாவி மூன்று செய்ய முடிவானது.

பாட்டும் பாடமும் எளிதாக முடிந்தன. எந்தப் பிள்ளையை யார் வந்து கூட்டிப்போவார்கள், எந்தப் பிள்ளையை யாரிடம் அனுப்பக் கூடாது, யாருக்கு வலிப்பு வரும், யாருக்கு வேர்க்கடலை ஆகாது என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டும் இருந்தன. சொல்லச் சொல்ல எபினேசர் எழுதினார். நடுவில் பேனாவை வைத்துவிட்டு, "இதையெல்லாம் வெச்சுக்கினு நீங்க பாட்டுக்குச் செத்திருந்தா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்ட மாதிரி இல்லை.

தாளின் தலையில் இரண்டு விதி. முதல் விதி செல்வி சொன்னது: யார் வராவிட்டாலும், கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை அவரைத் தேடி ஒருவரும் போகக் கூடாது. இரண்டாவது நான் சொன்னது: வர முடியாதவர் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும்.

ஒரு வேலையில் நம் இடத்தில் வேறு ஆளை வைத்துப் பார்க்க நினைப்பவர் முதலில் தம் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பது நல்லது. நான் கற்றது அவ்வளவுதான்.

5. வார்டு

டாக்டர் குறித்த சனிக்கிழமைவரை கல் காத்திருக்கவில்லை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே வலி வந்துவிட்டது. பாண்டிச்சேரிக்குக் காரில் போகும்போது செய்தி அனுப்பினேன்: "இன்று மாலை ஒத்திகைக்கு வர இயலாது. காரணம்: பித்தப்பை. உயிர் உண்டு." செல்வியிடமிருந்து பதில் வந்தது: "சரிண்ணே."

கடைசி ஒத்திகைகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் போன் செய்து எதையும் கேட்கவில்லை. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று நானே பலமுறை பார்த்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்திருந்தேன். சிறுவர் ஞாயிறு அன்று பதினொன்று ஐம்பதுக்குச் செல்வியின் செய்தி: "முடிஞ்சுதுண்ணே. நாப்பத்தொரு பிள்ளைங்களும் வூட்டுக்குப் போயாச்சு."

வார்டில் பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. செல்வியும் எபினேசரும் ஐயாவும் வருவார்கள் என்று ரோஸ்லின் நர்ஸிடம் கேட்டு மூன்று ஸ்டூல் வாங்கிக் கட்டிலருகே போட்டு வைத்திருந்தாள். ஆறு மணிக்கு நர்ஸ் வந்து, யாரும் உட்காராத மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார்.