கொட்டாஞ்சேனைச் சந்தையில் இரண்டு சுற்று

வெறும் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலைய வாங்கில் சின்னம்மா உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யுத்த காலத்துக் கொழும்பில் தமிழரைப் பிடிக்கப் பெரிய காரணம் தேவைப்படவில்லை என்பது தெரிந்ததுதான். அதற்காகப் பருப்புக்கு விலை கேட்டதற்குமா பிடிப்பார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, சின்னம்மாவும் சித்தப்பாவும் மட்டக்குளியில் வாடகைக்கு இருந்தார்கள். நானும் அவர்களோடுதான். சனிக்கிழமை காலையில் சின்னம்மா கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் புறப்படுவார். முதற் சுற்றில் ஒரு சாமானும் வாங்கமாட்டார். கடை கடையாக நின்று விலை கேட்பார், அதை முணுமுணுத்து மனதில் இருத்துவார், நகர்வார். எங்கே மலிவு என்று முடிவு கட்டியபிறகு, இரண்டாம் சுற்றில்தான் பை நிறையும். பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுக்கும்போதே சித்தப்பா, இரண்டு ரூபா மிச்சம் பிடிக்க இந்த அலைச்சலா என்று பகிடி பண்ணுவார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அப்போது நகரத்தில் குண்டு வெடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வெறும் பையோடு ஒரு பெண் ஒவ்வொரு கடையாகப் பார்த்து, வாய்க்குள் ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போகிறாள் என்று யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். வேவு பார்க்கிறாராம்! என் சின்னம்மா! முதற் சுற்று முடியுமுன்னே பிடித்துவிட்டார்கள். அன்று பின்னேரத்துக்குள் விடாவிட்டால் தடுப்புக் காவலுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்களைத் தேடி அலையும் குடும்பங்களை, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சு வேலை பார்த்த நான் தினமும் கண்டுகொண்டிருந்தேன்.

சின்னம்மாவுக்கும் என்னோடு வந்திருந்த சித்தப்பாவுக்கும் சிங்களம் போதாது. மலிவு பார்க்கத்தான் சுற்றினேன் என்று சின்னம்மா சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். அதிகாரி நிதானமாகவே கேட்டார். மட்டக்குளியிலும் கடைகள் இருக்கின்றன. இங்கே மிச்சமாகிற காசை பஸ் தின்றுவிடும். அப்படியிருக்க, இங்கே வருவது எதற்கு? வீட்டில் நாங்கள் கேட்டுச் சிரித்த அதே கேள்வி. இப்போது அதற்கு ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் சின்னம்மா வீட்டுக்கு வரப்போவதில்லை.

சின்னம்மா சித்தப்பாவின் பக்கம் திரும்பவேயில்லை. நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பஸ்ஸில வாறேல்லை. போக வர நடைதான்."

அந்த வெயிலில், அந்தப் பாரத்தோடு! என்ன சொல்கிறாள் என்று அதிகாரி அதட்டியபிறகே சிங்களத்தில் சொன்னேன். அவர் குனிந்து சின்னம்மாவின் செருப்பைப் பார்த்தார். குதிப்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்து, கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் சித்தப்பா மெல்லக் கேட்டார்.

"அப்ப நான் கிழமைக்குக் கிழமை தந்த பஸ் காசு?"

"அதிலதானே உங்களுக்கு மீன் வாங்கினனான்."

சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. சித்தப்பாவும் நானும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவருக்கு என்ன மிஞ்சியது என்று நாங்கள் எட்டிப் பார்த்ததேயில்லை.

இன்று எனக்கு வசதிக்குக் குறைவில்லை. நினைத்த நாளில் மீன் வாங்கலாம். ஆனாலும் யாராவது இரண்டாம் தரம் குழம்பு ஊற்ற வந்தால், என்னை அறியாமலே சோற்றுக் கோப்பையைக் கையால் மறைத்துவிடுகிறேன்.