வெட்டிய முடியும் வரலட்சுமியின் கோபமும்

போன வாரம் ஓர் இளம் தம்பதி வீட்டுக்கு வந்தார்கள். திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர்கள். என் கணவரோடு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. ஏதாவது ஒரு குழந்தையைக் கொஞ்ச காலம் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்க ஆசை. எங்களுக்கு அந்த அனுபவம் உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள்.

எல்லாம் கேட்டு முடித்தபின் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“தத்து இல்ல, திருப்பிக் குடுத்துடணும்னு சொல்றீங்க... வளத்து, பாசம் வெச்சு, அப்புறம் அனுப்பிட்டா... நமக்கு என்னக்கா மிச்சம்?”

நியாயமான கேள்விதானே? பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கு மௌனிகாவின் தலைமுடிதான் ஞாபகம் வந்தது.

மௌனிகா — பேருக்கும் அவளுக்கும் சம்பந்தமே கிடையாது. வாயை மூட மாட்டாள். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தெலுங்கில் முடிப்பாள். எட்டு வருடத்துக்கு முன் திருப்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வயது எட்டு.

அவள் அம்மா வரலட்சுமிக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் பாலசமுத்திரம். சித்தூர்ப் பக்கம் பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டியில் கூலி வேலை. கணவன் பெங்களூருக்குப் போனான்... போனவன் போனவன்தான். ஒருநாள் லோடு ஏற்றும்போது வரலட்சுமி லாரியிலிருந்து விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் திருப்பதி ஆஸ்பத்திரியில் படுக்கை.

பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து அங்கேயே குடித்தனம் நடத்தினாள் மௌனிகா. வெந்நீர் பிடித்து வருவாள். நர்ஸைக் கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் போவதே நின்றுவிட்டது. அதைப் பார்த்த ஒரு நர்ஸ்தான் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொன்னார். அவர்கள் எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

அதுவரை நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? இதெல்லாம் யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு என்று. அப்படி இல்லை. ஒரு வீட்டில் அப்பாவின் குடி, ஒரு வீட்டில் ஜெயில், ஒரு வீட்டில் நோய். வரலட்சுமியிடம் அன்புக்குக் குறைச்சலே இல்லை. எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

எங்கள் பையன் அப்போதுதான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிருந்தான். வெறிச்சோடிக் கிடந்த வீட்டில் இந்த வாயாடி வந்து இறங்கினாள். காலையில் எழுந்ததும் தண்ணீர் பிடித்து வைப்பாள். நான் தும்மினால் வெந்நீரோடு வந்து நிற்பாள். எட்டு வயதில் ஓர் ஆஸ்பத்திரி ஆயா! சோற்றில் கை வைத்தால் ஒரே கேள்வி — “எங்கம்மா துன்னுட்டிருப்பாளா?”

அவளுக்கு இடுப்பு வரை முடி. தொட விட மாட்டாள். “எங்கம்மாதான் வாருவா.” ஆஸ்பத்திரியிலேயே சிக்குப் பிடித்துப் பேன் வைத்திருந்தது. நாங்கள் சேர்த்த ஸ்கூலின் டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். நான் பார்லருக்கு அழைத்துப்போய் ‘பாப்’ வெட்டிவிட்டேன்.

நாற்காலியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் அவளை அம்மாவிடம் கூட்டிப்போவேன். வரலட்சுமி என்னோடு பேசவே மாட்டாள். குழு காகிதத்தில் கைநாட்டு வாங்கியதால் பிள்ளையையே எழுதி வாங்கிக்கொண்டோம் என்று பயம். அந்த ஞாயிறுதான் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

“யாரக் கேட்டு வெட்டனீங்க? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

வார்டே திரும்பிப் பார்த்தது.

“நான் எழுந்து நடந்தா எம்பொண்ணு முடிய மலைல குடுக்கறேன்னு வேண்டிக்கினு கீறேன். அது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. ஏன் தெரியாது? கேட்கவில்லை. பேனுக்குக் கடையில் மருந்து இருக்கிறது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை — மனதுக்குள் அவளை என் பெண்ணாக்கிக்கொண்டுவிட்டேனே! வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதேன்.

அடுத்த ஞாயிறு தேங்காயெண்ணெயும் சீப்பும் எடுத்துக்கொண்டு போனேன்.

“தப்புப் பண்ணிட்டேன் வரலட்சுமி. இனிமே உங்களக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன். அவளுக்கு என்ன புடிக்கும், புடிக்காது... நீங்களே சொல்லுங்க.”

சுவரைப் பார்த்தபடியே சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்புறம் —

“பருப்புல தக்காளி போட்டா துன்ன மாட்டா.”

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது!

அதற்கப்புறம் எத்தனை ஞாயிறுகள்... படுத்தபடியே அம்மா தலை வாருவாள். இவள் வாரம் முழுக்க நடந்ததை ஒப்பிப்பாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் வீட்டில் அவள் என்னிடம் சொன்னாள்: “நான் புது ஸ்கூல் பேக் கேட்டேன். அதுக்குதான் அம்மா லோடு ஏத்தப் போச்சு.” இத்தனை நாளும் அதை மனதுக்குள் சுமந்திருக்கிறாள். நான் சமாதானம் சொன்னால் எடுபடுமா? வரலட்சுமியிடம் ரகசியமாகச் சொன்னேன். அவள் பெண்ணை இழுத்து நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டாள்.

“அடி பைத்தியமே, நீ பேக் கேக்கலன்னாலும் நான் போய்தான் இருப்பேன். என் வேலைடி அது.”

திரும்பும் வழியில் திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் ஐஸ்கிரீம் வேண்டுமென்று அடம் பிடித்தாள் பாருங்கள்... கையை உதறி, காலை உதைத்து, ஆட்டோவே அதிரும்படி! நானும் அன்றைக்குக் கூட வந்திருந்த கணவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எங்கள் வீட்டில் ஒருவழியாக ஒரு குழந்தை வந்து சேர்ந்துவிட்டது.

நான் பெற்ற பையன்கூட அடம் பிடித்து இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

வரலட்சுமி கோலூன்றி நடக்க ஆரம்பித்தாள். மௌனிகாவைத் திருப்பி அனுப்பக் குழு நாள் குறித்தது. எனக்குச் சந்தோஷமா? பொய் சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகக் கூடாதா என்று ஏங்கினேன்.

அனுப்புவதற்கு முன் நாங்கள் எல்லோரும் மலைக்குப் போனோம். கழுத்து வரைதான் முடி வளர்ந்திருந்தது. ஏழுமலையான் குறைகிறது என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்ற பெண்ணிடம் வரலட்சுமி என்னைக் காட்டினாள்.

“இனிமே ஆன்ட்டின்னு கூப்டாத. பெத்தம்மான்னு கூப்டு.”

தெலுங்கில் பெரியம்மா. அன்றைக்கு வரலட்சுமி எனக்குத் தங்கையானாள்.

அவர்களை ஏற்றிவிட்டு நானும் கணவரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடந்தே வந்தோம். ஒரு வாரம் வரை பருப்பில் தக்காளி போட எனக்குக் கை வரவில்லை.

என்ன மிச்சம் என்று கேட்ட பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பம் எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

மௌனிகா இப்போது சித்தூரில் இன்டர் — நம் பிளஸ் டூ மாதிரி — படிக்கிறாள். வாரம் தவறாமல் போன் வரும். எல்லாம் அம்மாவைப் பற்றிய புகார்தான் — செல்போனைப் பிடுங்கி வைத்தாள், தோழி வீட்டுக்கு அனுப்பவில்லை, “பெத்தம்மா, நீயாவது கேளு!”

நான் எப்போதும் வரலட்சுமி கட்சிதான். இரண்டு அம்மாவும் ஒரே கட்சியில் சேர்ந்துகொண்டு தன்னைத் தோற்கடிப்பதுதான் அவளுக்கு இன்றைக்கு இருக்கும் ஒரே குறை!