சுவரில் தொங்கிய பல்சக்கரங்கள்

கொட்டகலை மலை இறக்கத்தில் பஸ்ஸையே முந்த வேண்டுமென்று, என் தொப்பையை மறந்து, சைக்கிளின் பின்பக்கப் பல்சக்கரத்தைச் சிறிதாக மாற்றப் போனேன். கடையில் சைக்கிள் திருத்தும் மனிதர் மெலிந்தவர், இமைக்கவே மாட்டார். கழற்றிய பழையதைச் சுவர் ஆணியில் மாட்டினார். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து துருப்பிடித்துத் தொங்கின. ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றிவிட்டார்.

"இதெல்லாம் யாருதுங்க?"

"ஒங்கள மாதிரி வேகமா எறங்கணும்னு மாத்துனவங்களோடது."

"திரும்ப வந்து வாங்கலையா?"

"அவங்க இன்னும் எறங்கிக்கிட்டுதாங்க இருக்காங்க."

மலையிலேயே வேகமான சைக்கிளை இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போனேன். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண், "சைக்கிளுக்கு நட பழக்குறீங்களாண்ணே?" என்று கேட்டு என்னை முந்திப் போனாள்.

என் பழைய பல்சக்கரம் இன்னும் அந்தச் சுவரில்தான் தொங்குகிறது. அவர் அதைச் சுழற்றும்போதோ என்னவோ, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கையிலும் சில வேளை என் காதில் காற்று இரைகிறது.