முனியசாமிக்கு ஒரு லைசென்ஸு

டியூபைத் தண்ணீரில் அமுக்குவதற்கு முன் தனுஷ்கோடி அதை மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொண்டு இடது நாசியால் ஓர் இழுப்பு, வலது நாசியால் ஓர் இழுப்பு. "மதுர ரோட்டு ஆணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் பஞ்சர் தேடுவார். டீ, வெற்றிலை, டிரைவர்கள் நீட்டும் பீடி எல்லாவற்றுக்கும் இதே சோதனை.

"அண்ணாச்சி, டீயை மூக்காலயா குடிக்கப் போறீக?" என்பார்கள் டிரைவர்கள்.

"மூக்கு சரின்னாத்தேன் வாய்க்கு உத்தரவு."

பந்தல்குடியில், தூத்துக்குடி சாலையோரம் அவருடைய பஞ்சர் கடை. ஒடிசலான ஆள், உடம்பிலேயே கனமான உறுப்பு மீசைதான். அந்த மீசை கடைக்காக வளர்த்ததல்ல. ஆடிப் பொங்கலன்று உச்சிப்பொழுதில் ஓடைக்கரை முனியசாமி அவர்மேல்தான் இறங்குவார். இறங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சுருட்டுக்குள் ஒரு சிட்டிகை கஞ்சா வைத்துக் கொளுத்தித் தரவேண்டும். புகை உள்ளே போனால்தான் சாமி வரும், மழைக்குக் குறி சொல்லும். வராவிட்டால் ஆடும் உரிமை பங்காளி நல்லமுத்துவுக்குப் போய்விடும். நல்லமுத்து முன்ஜாக்கிரதையாக மீசை வளர்த்துக்கொண்டிருந்தார்.

கம்பம் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் எப்போதோ காணிக்கையாகத் தந்த பொட்டலம், தனுஷ்கோடியின் மனைவி மாயக்காளின் அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் மாயக்காள் அதிலிருந்து கொஞ்சம் மடித்துத் தருவார். தனுஷ்கோடி முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவார். "அசல் சரக்கு."

எண்பத்தைந்தில் டெல்லியில் புதுச் சட்டம் போட்டார்கள். கையில் இருந்தாலே ஜெயில் என்று டீக்கடையில் பேப்பர் படித்துச் சொன்னார்கள். அதிலிருந்து ஆடி பிறந்தாலே தனுஷ்கோடிக்கு இரண்டு பயம். கொளுத்தினால் போலீஸ், கொளுத்தாவிட்டால் நல்லமுத்து. பிறகு, மருந்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்து நம் சட்டசபையில் தனிச் சட்டம் வரப்போகிறதாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியாது.

அந்த வாரமே எம்.எல்.ஏ.வின் ஜீப் தனுஷ்கோடியின் கடைக்கு நேர் எதிரே பஞ்சரானது. சாலையில் ஆணி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தனுஷ்கோடி டியூபை உருவினார், முகர்ந்தார், மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அய்யா, மருந்துக்கு உண்டுன்னா சாமிக்கும் ஒரு சிட்டிகை எழுதிப்புடுங்க. எனக்கில்ல, அவருக்கு."

"எவருக்குய்யா?"

"முனியசாமிக்கு. லைசென்ஸை அவரு பேர்லயே குடுங்க."

"சாமிக்கு லைசென்ஸா? தொழிலுன்னு என்னத்தைய்யா போட?"

"எல்லைக் காவலு. ஒங்க போலீசு பாக்குற வேலைதேன். சம்பளமில்ல, லீவுமில்ல."

எம்.எல்.ஏ. விழுந்து விழுந்து சிரித்தார். வெயில் ஏறியது. டியூப் மடியை விட்டு இறங்கவில்லை. "சரிய்யா, சட்டசபையில பேசிருவோம், மொதல்ல ஒட்டு" என்று அவர் சொன்ன பிறகுதான் ஒட்டு விழுந்தது.

சட்டம் வந்ததா என்று பந்தல்குடியில் யாருக்கும் தெரியவில்லை. ஆடிப் பொங்கல் வந்தது. கூடவே ஏட்டு ஒருவரும் வந்தார். யார் சொல்லி வந்தார் என்பதை நல்லமுத்துவின் முகம் சொன்னது. ஏட்டு நேராகப் படையலுக்குப் போய்ச் சுருட்டை எடுத்துப் பிரித்து முகர்ந்தார். குலவை பாதியில் நின்றது. தனுஷ்கோடியின் மீசையிலிருந்து வியர்வை சொட்டியது. ஏட்டு இன்னொரு முறை முகர்ந்தார், நெற்றியைச் சுருக்கினார், சுருட்டை மறுபடி சுருட்டி இலையில் வைத்தார்.

"கொளுத்துங்கய்யா, நேரமாகுது."

அன்றைக்கு முனியசாமி வந்த வேகத்தில் பொங்கல் பானை ஒன்று உருண்டது. ஆட்டம் முடிந்து திருநீற்றைத் துடைத்ததும் தனுஷ்கோடி ஊருக்கே அறிவித்தார்: "சட்டம் பாஸாயிருச்சுப்பா! எம்.எல்.ஏ. சொன்னாச் சொன்னதுதேன்." அடுத்த வாரம் நல்லமுத்து மீசையை மழித்துவிட்டார்.

இதெல்லாம் போன வருடம். சென்ற வாரம், அருப்புக்கோட்டை பஸ்ஸுக்காகக் கடையோரம் நின்றிருந்தேன். மாயக்காள் சாப்பாடு கொண்டு வந்தார். தனுஷ்கோடி தூக்குவாளியைத் திறந்து, கண்ணை மூடி முகர்ந்து, "பிரமாதம்" என்றார். எட்டி நின்ற எனக்கே புளித்த வாடை அடித்தது. மாயக்காள் பதறிப்போய் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். "நேத்துச் சோத்து வாளியைத் தூக்கியாந்துட்டேன். இருங்க, வேற கொண்டாறேன்." அதற்குள் ஒரு லாரி வந்து நிற்க, தனுஷ்கோடி ஜாக்கியோடு அதனடியில் புகுந்தார்.

மாயக்காள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அவுகளுக்கு மூக்கு செத்து ரொம்பக் காலமாச்சு தம்பி. டயரு மூஞ்சியில வெடிச்சப்பப் போனது. வெளிய தெரிஞ்சா வெக்கம்னுதேன் எல்லாத்தையும் மோந்து மோந்து பாக்காக."

"அப்ப அந்தப் பொட்டலம்?"

"அதை டெல்லிச் சட்டம் வந்த அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். இவுகள ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் என்ன செய்ய? வேலியோரம் துத்தி எலை காஞ்சு கெடக்கு. அதைத்தேன் கசக்கி மடிச்சுக் குடுக்கேன்." லாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தபடி சொன்னார்: "சாமி இன்னிவரைக்கும் ஒரு கொறையும் சொல்லலியே."