‘அளவு’ அம்சவல்லி

பட்டறைக்குள் நுழைந்ததும் அம்சவல்லி முதலாளியைத் தேடுவதில்லை. அளவில் தவறிய உருப்படிகளைப் போட்டுவைக்கும் சிவப்புத் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து நேராக அங்கே போகிறார். கையை விட்டு நாலைந்தை அள்ளுகிறார். தோள் பையிலிருந்து காலிப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அளக்கிறார். யாரிந்த அம்மாள், நம் தொட்டியில் கை வைப்பது என்று முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வருவதற்குள் அளந்து முடித்துவிடுகிறார்.

“நாலுலயும் அளவு ஒரே பக்கமா ஏறிக்கினே போயிருக்குது ண்ணா. கடையற டூல் தேஞ்சிக்கினு வந்திருக்கு. காலைலேந்தே சொல்லிக்கினுதான் இருந்திருக்கும், யாரும் கேக்கல.”

அவருடைய வியாபாரம் இந்த இடத்தில் தொடங்குகிறது.

வயது நாற்பத்திரண்டு. ஊர் மணிமங்கலம். பருத்திப் புடவைக்குக் கீழே தொழிற்சாலைக்காரர்கள் போடும் கனத்த பாதுகாப்பு ஷூ. ஒரு பட்டறையில் இரும்புச் சுருள் செருப்பைக் கிழித்துக்கொண்டு பாதத்தில் ஏறிய நாளிலிருந்து இந்தக் கோலம்; கல்யாணத்துக்குக்கூட இதையே போட்டுக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். காலிப்பர் பையை விட்டுப் பிரிவதே இல்லை. வல்லக்கோட்டை சாலையில் ஒரு டீக்கடையில் மசால்வடையை அளந்து, போன வாரத்தைவிட நாலு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் தெரிவித்தார். கடைக்காரர் இன்னொரு வடையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

ஒரகடத்தையும் இருங்காட்டுக்கோட்டையையும் சுற்றி, பெரிய கம்பெனிகளுக்குச் சின்ன உருப்படிகளைக் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் ஏராளம். ஒவ்வொரு லோடோடும் அளந்து பார்த்த ரிப்போர்ட் ஒன்று போக வேண்டும். அம்சவல்லி பதினோரு வருடம் ஒரு கம்பெனியில் அந்த ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்கும் காண்டிராக்ட் வேலையில் இருந்தவர். உருப்படி சரியாக இருக்கும்; தாளில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். லோடு திரும்பிப் போகும். திருப்பி அனுப்பியது அவர் கைதான். டெம்போவின் பக்கத்தில் முதலாளிகள் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து, அந்தத் தாளை யாரும் தப்பில்லாமல் நிரப்பும்படி ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. காண்டிராக்ட் முடிந்து வெளியே அனுப்பப்பட்ட மாதமே வேலையைத் தொடங்கிவிட்டார்.

கணினி வேலை தெரிந்தவர் ஏசுவடியான். சாத்தான்குளத்துப் பக்கத்து இளைஞர்; கார் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணனோடு இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் இருந்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய செயலிக்குப் பெயர் ‘அளவு’. அளக்கிறவர் போனில் எண்ணைத் தட்டினால் போதும், ரிப்போர்ட் தானே தயாராகிவிடும். ஒரு பட்டறைக்கு மாதச் சந்தா ஆயிரத்து இருநூறு ரூபாய். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு வெல்டிங் சாமான் கடைக்கு மேல் மாடி அறை, இரண்டு நாற்காலி, ஒரு மடிக்கணினி. கம்பெனி அவ்வளவுதான்.

முதல் மாதம் பேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்தார்கள். அறுபத்து மூன்று அழைப்புகள் வந்தன. அறுபது பேர், அக்கா, ஐடிஐ முடித்திருக்கிறேன், வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். விளம்பரத்தை நிறுத்திவிட்டு அம்சவல்லி வேறு வழி பார்த்தார். பட்டறைப் பட்டறையாகப் போய் அளவுகருவிகளைச் சோதித்து முத்திரை ஒட்டிக் கொடுக்கும் பகலவன் என்பவர் இருக்கிறார். பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து சோதித்துப் பார்க்கும் ஆடிட் எந்தப் பட்டறையில் எப்போது என்பது அவருக்குத் தெரியும். ஆடிட்டுக்குப் பதினைந்து நாள் முன்னால் அந்தப் பட்டறை வாசலில் அம்சவல்லியின் ஸ்கூட்டர் நிற்கத் தொடங்கியது. பயந்திருக்கும் மனிதர்கள் உடனே சேர்ந்தார்கள்.

ஆடிட் முடிந்ததும் உடனே விட்டும் போனார்கள். ஒரு கையால் பிடித்ததை மறு கையால் விட்டுக்கொண்டிருந்தார். விட்டுப்போன ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தார். கெஞ்சுவதற்கு அல்ல; ஒரே கேள்விக்காக. கடைசியாக எந்த இடத்தில் எரிச்சல் வந்தது? யாருக்கும் எரிச்சல் இல்லை. ஆடிட் இல்லாத நாளில் அதனால் என்ன பயன் என்றுதான் கேட்டார்கள். சிவப்புத் தொட்டியைப் பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். அளவு ஒரு பக்கமாக ஏறத் தொடங்கும்போதே போன் சத்தம் போடும்படி ஏசுவடியான் செய்துகொடுத்தார். தொட்டி காலியாக இருக்கும் பட்டறைக்காரர் சந்தாவை நிறுத்துவதில்லை.

சும்மா கொடுப்பது மட்டும் கிடையாது. ஒரு மாதம் இலவசமாகக் கொடுத்துப் பார்க்கலாமே என்று, அவரைப் பற்றி எழுதப் போன நான் கேட்டேன்.

“சும்மா குடுத்தா போன்ல ஒரு மூலைல கெடக்கும். காசு குடுத்தவன்தான் இன்னாம்மா இது வேலை செய்யலன்னு திட்டுவான். திட்டுனாதான் ஓட்டை எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்.”

ஆனால் செயலியைத் திறந்ததும் முதல் பக்கத்திலேயே, சந்தாவை ரத்து செய்யும் ‘நிறுத்து’ பொத்தான் பெரிதாக இருக்கிறது. உலகத்தில் ஒருவரும் இப்படி வைக்க மாட்டார்கள் என்று ஏசுவடியான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். ஃபேக்டரியில் அவசர வழியைக் கொட்டை எழுத்தில் எழுதித்தானே வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து யாராவது வேலையை விட்டு ஓடினார்களா என்பது அம்சவல்லியின் வாதம். இப்படியே மூன்று வருடத்தில் எண்பத்து மூன்று பட்டறைகள் சேர்ந்தன. வாடிக்கையாளர் என்று அவர் சொல்வதில்லை. “என் கடைங்க” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வாசலில் அவருடைய போன் காமிராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, கழுத்தில் அட்டையை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். சப்ளை பட்டறைகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் தமிழ்வாணன் மரியாதையாகப் பேசினார். ‘அளவு’ அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. தங்களுக்கு உருப்படி தரும் இன்னும் அறுபது பட்டறைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு வருடச் சந்தாவைக் கம்பெனியே முன்கூட்டிக் கட்டிவிடும். பதிலுக்கு ஒன்றுதான்: ஒவ்வொரு பட்டறையின் விவரமும் அவர்கள் திரையில் தெரிய வேண்டும். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை உருப்படி வீணாகிறது, வேறு யாருக்கு என்ன கடைந்து தருகிறார்கள், எல்லாம். பட்டறைக்காரர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதை யார் படிக்கப் போகிறார்கள்?

அம்சவல்லி சொன்னாராம்:

“அது என் சரக்கு இல்ல சார். அவங்களோடது. என்னுது இல்லாதத நான் எப்படி விக்கறது?”

யோசித்துச் சொல்லுங்கள் மேடம் என்றார் தமிழ்வாணன். யோசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்றார் இவர். அப்படியானால் வேறொரு செயலியைப் பட்டறைகளுக்கு இலவசமாகவே கொடுத்துவிடுவோம் என்றார் அவர். “குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, கழுத்து அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து எழுந்து வந்துவிட்டார். வாசலில் அட்டை எங்கே என்று கேட்டு, காவலாளி அரைமணி நேரம் நிறுத்திவைத்ததையும் மறைக்காமல் சொன்னார்.

மாடி அறையில் சண்டை நடந்தது. ஏசுவடியானுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். பெண் வீட்டார், பையன் வேலை பார்க்கும் கம்பெனியை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல. அன்றைக்கு உயர்த்தினார்.

“அறுவது கடை அக்கா. நாம ரெண்டு வருசம் நாயா அலைஞ்சாலும் வராதுக்கா. என்ட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?”

கேட்கவில்லை. அது தன் தப்புத்தான் என்று அம்சவல்லி ஒப்புக்கொண்டார். ஆனால் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். போக விரும்பினால் போகலாம், அடுத்த மாதச் சம்பளத்தையும் சேர்த்துத் தருகிறேன் என்றார். ஏசுவடியான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை வந்து உட்கார்ந்து, ஏதாவது ஒரு பட்டறையின் விவரத்தைத் திறந்து காட்டுங்கள் என்று அக்காவிடம் சொன்னார். அம்சவல்லி திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. பட்டறைக்காரர் தன் கடவுச்சொல்லைப் போட்டால் ஒழிய இனி அவர்கள் இருவராலும்கூட எதையும் பார்க்க முடியாதபடி பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“இனிமே நீங்களே நெனச்சாலும் விக்க முடியாதுக்கா” என்றார். அதைச் சொல்லும்போதும் கோபமாகத்தான் இருந்தார்.

தமிழ்வாணன் சொன்னதைச் செய்தார். ஒரே மாதத்தில் பத்தொன்பது பட்டறைகள் ‘நிறுத்து’ பொத்தானை அமுக்கின. அதில் ஒருவர் பலராமன். வல்லக்கோட்டை சாலையில் நாலு மெஷின் போட்டு, வண்டிக்கான பூஷ் என்ற உருளை வளையங்களைக் கடைகிறவர். ‘அளவு’க்கு முதன்முதலில் பணம் கொடுத்தவர். அம்சவல்லி பத்தொன்பது பட்டறைக்கும் போனார். அவர்கள் கேட்காமலே, ஒவ்வொருவரையும் கடவுச்சொல்லைப் போடச் சொல்லி, அவரவர் பழைய விவரங்களைப் பென் டிரைவில் போட்டு ஒப்படைத்தார். புதியதை யாரெல்லாம் பார்க்க முடியும் என்று ஒரு தரம் படித்துவிட்டுப் போடுங்கள் என்பதை மட்டும் சொன்னார். பலராமன் அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். இலவசமாகத் தருகிறார்கள், வேண்டாம் என்றால் ஆர்டர் நிற்கும், நான் என்ன செய்யட்டும் என்று மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார். 

அடுத்த ஏழு மாதம் அம்சவல்லியின் கணவர் டில்லிபாபு, தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கம்பெனியில் கிடைத்த ஓவர்டைம் எல்லாம் பார்த்தார். மாடி அறையின் ஃபேன் கெட்டது, சரி செய்யவில்லை. ஏசுவடியானின் பெண் வீட்டார் வந்து மாடியைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்று போனார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. அம்சவல்லி அதைச் சொல்லும்போது மட்டும் காலிப்பரின் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆனாலும் சந்தாவை ஒரு ரூபாய் குறைக்கவில்லை. காலையில் மூன்று பட்டறை, மதியத்துக்கு மேல் இரண்டு, தினமும் போனார். இலவசத்தோடு போட்டி போட முடியுமா என்று கேட்டவர்களிடம், இலவசம் என்றால் விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள், யாரென்று கேட்டுப் பாருங்கள் என்றார்.

யாரென்பது அந்த வருட விலைப்பேச்சில் பலராமனுக்குத் தெரிந்தது. இதை அவரே என்னிடம் சொன்னார். பூஷ் விலையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கப் போயிருக்கிறார். எதிரே இருந்தவர் ஒரு தாளை நகர்த்தினார். பலராமனின் மெஷின்கள் தினமும் மூன்று மணி நேரம் சும்மா நிற்பதும், வீணாகும் உருப்படி பாதியாகக் குறைந்திருப்பதும் தேதிவாரியாக அதில் இருந்தன. செலவு குறைந்திருக்கிறதே, விலையை ஆறு சதவீதம் குறையுங்கள் என்றார்கள். மெஷின் நின்றதே அவர்கள் அனுப்ப வேண்டிய இரும்பு நேரத்துக்கு வராததால்தான் என்று பலராமன் சொல்லிப் பார்த்தார். அது தாளில் இல்லை.

“என் வூட்டுப் பானைல எவ்ளோ அரிசி வேவுதுன்னு என்னாண்டயே சொல்றான்” என்றார் பலராமன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தார். வேறு வழியில்லை. ஆனால் மறுநாளே ஒரகடத்து மாடிப்படி ஏறினார். அன்று நானும் அங்கே இருந்தேன். நாற்காலி இரண்டுதான் என்பதால் ஏசுவடியான் எழுந்து அவருக்கு இடம் விட்டார். பலராமன் சுற்றி வளைத்துப் பேசினார். பெரிய கம்பெனி கேட்கும் ரிப்போர்ட்டை மட்டும் அவர்கள் செயலியில் போடப்போகிறார். தன் பட்டறை விவரம் தன்னிடம் இருக்க வேண்டும். இதையே யோசிக்கும் இன்னும் பத்துப் பேரைத் தெரியும், அழைத்து வருகிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பழைய ஆள் என்பதால் முதல் ஆறு மாதத்துக்குப் பாதிச் சந்தா போடக்கூடாதா என்றும் கேட்டார்.

அன்றைக்கே சொன்னேனே என்ற பேச்சு அம்சவல்லியிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

“முழுசாவே கட்டுங்க ண்ணா. அப்பத்தான் நாளைக்கு என்னை நீங்க தைரியமா கேள்வி கேக்கலாம்.”

 பலராமன் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் பணத்தைக் கட்டினார். அவர் சொன்ன பத்துப் பேரும் அடுத்த சில வாரங்களில் வந்துவிட்டார்கள். பத்தொன்பதில் மீதி எட்டுப் பேர் இன்னும் வரவில்லை. விவரம் வெளியே போகாது என்று பகலவன் போகிற இடமெல்லாம் சொல்லி, முன்பின் தெரியாத பட்டறைகளும் சேர்ந்து, இப்போது எண்ணிக்கை நூற்று நாலு. இவை பிற்பாடு தெரிந்தவை.

அன்றைக்கு அந்த அறையில் நடக்க வேண்டியிருந்தது ஒன்றுதான். பலராமன் தன் விவரங்களுக்குப் புதிய கடவுச்சொல் ஒன்று வைக்க வேண்டும். அம்சவல்லி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் முணுமுணுத்தபடி தேடத் தொடங்கினார். அம்சவல்லி தன் நாற்காலியை அப்படியே திருப்பி, அவருக்கு முதுகு காட்டி, ஜன்னலுக்கு வெளியே கூட்டு ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்து உட்கார்ந்தார். “ஆச்சிம்மா” என்று பலராமன் சொல்லும்வரை திரும்பவில்லை.